விலாசம் ஆளுக்கா, இடத்துக்கா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் பின்னேரங்களில் கணினி வலையமைப்பு படிப்பிக்கிறேன். இணையத்தில் கணினிகளுக்குக் கொடுக்கும் இலக்கமான ஐபி முகவரி பற்றிய பாடம் தொடங்கினால் மூன்று வகுப்பு அதிலேயே போய்விடும். பிள்ளைகள் கேட்பது வீட்டிலக்கம், அடையாள அட்டை, ஃபோன், கூரியர்காரர் என்று சுற்றிச் சுற்றி வரும். நான் மறிப்பதில்லை. எல்லாம் ஒரே விஷயம்தான்: ஒரு பெயரோ இலக்கமோ யாரைச் சொல்கிறது, எங்கே என்று சொல்கிறது, அந்த இரண்டையும் யார் எப்படி முடிந்து வைத்திருக்கிறார்கள். வகுப்பிலும் அயலிலும் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

பெயருக்கும் முகவரிக்கும் அப்படி என்ன வித்தியாசம்?

ஆளோ பொருளோ இடம் மாறினால் அந்தச் சொல்லும் மாறுகிறதா என்று பாருங்கள். மாறாவிட்டால் அது பெயர், அடையாளம். மாறினால் அது முகவரி. கொட்டாஞ்சேனையில் இருந்து வெள்ளவத்தைக்கு நீங்கள் வீடு மாறினால் பெயர் கூடவே வரும். வீட்டிலக்கம் அங்கேயே நின்று அடுத்ததாகக் குடிவருபவருக்குப் போய்விடும்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு, அது வழி. 1978இல் ஜோன் ஷொக் என்ற அமெரிக்க ஆய்வாளர் கணினி வலையமைப்புகளுக்காக இந்த மூன்றையும் பிரித்து எழுதினார். நாம் தேடுவது எது என்பது பெயர். அது எங்கே இருக்கிறது என்பது முகவரி. அங்கே போவது எப்படி என்பது வழி. பாணந்துறையில் இருந்து காலி வீதியால் புறக்கோட்டைக்கு ஓடும் 100ஆம் இலக்க பஸ்ஸை எடுங்கள். அந்த 100 ஓர் ஆளையும் குறிக்கவில்லை, ஓர் இடத்தையும் குறிக்கவில்லை, ஒரு வழியைக் குறிக்கிறது. "100இல் ஏறி சவோய் தியேட்டரடியில் இறங்கு" என்று சொல்லும்போது வழியை வைத்தே இடத்தைச் சொல்லிவிடுகிறோம். ஊருக்குள் இது போதும். வெளிநாட்டில் இருந்து பொதி அனுப்புபவருக்கு இது உதவாது, அவர் புறப்படும் இடமே வேறு.

எங்கள் வீட்டில் "முகவரி" என்று யாரும் சொல்வதில்லை, "விலாசம்" என்பார்கள். இரண்டும் ஒன்றுதானே?

இன்றைக்கு ஒன்றுதான். ஆனால் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கொழும்பில் கொடுக்கல் வாங்கல் நடத்திய காலத்தில் அவர்களுடைய விலாசம் என்பது கடையின் பெயர். முதலாளி, தகப்பன், பாட்டன் என்று முன்னோரின் முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்துக்கொள்வார்கள். கடை ஒரு கட்டடத்தை விட்டு இன்னொன்றுக்குப் போனாலும், கணக்கு எழுதும் முகவர் மாறினாலும் விலாசம் மாறாது. உண்டியல் என்ற பணச் சீட்டில் அந்த எழுத்துகள் இருந்தால் இன்ன கடை என்று சந்தைக்குத் தெரியும்.

ஒரே சொல் அங்கே அடையாளமாக இருந்தது, நம் வீடுகளில் இருப்பிடமாக இருக்கிறது. பாடத்தைத் தொடங்க இதைவிட நல்ல சொல் எனக்கு வேறு கிடைக்கவில்லை. இன்னொன்றையும் பாருங்கள். கொழும்பில் இரண்டு தமிழர் புதிதாகச் சந்தித்தால் முதலில் கேட்பது "நீங்கள் எவ்விடம்?" என்பது. பதிலாக வருவது சாவகச்சேரி, பருத்தித்துறை, பண்டாரவளை, கல்முனை. கேட்டவர் இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை, யார் என்று கேட்கிறார். இடத்தின் பெயரே அங்கே ஆளின் பெயராகிவிடுகிறது. இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகூட அப்பாவின் ஊரைத்தான் சொல்லும்.

காலி வீதி இலக்கம் 2 என்று கூரியர்காரரிடம் சொன்னேன். "எந்த 2?" என்று கேட்டார். ஏன்?

அவர் கேட்டது சரி. காலி வீதியில் இலக்கங்கள் கொழும்பு 3இல் ஒரு முறை தொடங்குகின்றன, கொழும்பு 4இல் திரும்பவும் தொடங்குகின்றன, கொழும்பு 6இல் மறுபடியும். கோல்ஃபேஸ் ஹோட்டல் இலக்கம் 2, காலி வீதி, கொழும்பு 3. யுனிட்டி பிளாசா இலக்கம் 2, காலி வீதி, கொழும்பு 4. வெள்ளவத்தைச் சவோய் இலக்கம் 12, கொழும்பு 6. முதல் இரண்டுக்கும் வீதி ஒன்று, இலக்கம் ஒன்று, கட்டடம் வேறு.

ஓர் இலக்கம் எந்த எல்லைக்குள் தனித்து நிற்கிறதோ அதுதான் அதன் பெயர்வெளி. காலி வீதி வீட்டிலக்கத்துக்கு அந்த எல்லை முழு வீதியும் இல்லை, கொழும்பு 3, 4, 6 என்ற வலயம். வலயத்தை விட்டுவிட்டு முகவரி சொன்னால் பாதி சொன்ன மாதிரி. தெஹிவளைக் கால்வாயைத் தாண்டினால் கொழும்பு இலக்கமே கிடையாது, "தெஹிவளை" என்றே எழுத வேண்டும். அதனால்தான் வெள்ளவத்தைத் தபாலில் அந்த ஒற்றை 6 அவ்வளவு முக்கியம். தபால் குறியீடாக எழுதினால் 00600. கொட்டாஞ்சேனை 13 என்பது 01300. வலய இலக்கம் குறியீட்டுக்குள் அப்படியே தெரியும்.

27/3 என்பதும் 27 2/1 என்பதும் ஒன்றா?

ஒன்றில்லை. பொதுவாக 27/3 என்றால் ஒரு காலத்தில் 27ஆம் இலக்கமாக இருந்த காணியைத் துண்டாக்கியதில் வந்த ஒரு வீடு, பெரும்பாலும் உள்ளே தள்ளி இருக்கும். 27 2/1 என்றால் 27ஆம் இலக்கக் கட்டடத்தில் இரண்டாம் மாடியின் முதலாவது வீடு. ஒரு சாய்கோடு காணி பிரிந்த கதையைச் சொல்கிறது, மற்றது மேலே ஏறச் சொல்கிறது.

எங்கள் ஒழுங்கையில் இரண்டு பழைய வீடுகளை உடைத்துத் தொடர்மாடி கட்டினார்கள். இரண்டு இலக்கம் போய் ஒரே இலக்கம் வந்தது, அதற்குள் பதினைந்து குடும்பம். பழைய வீட்டுக்கு வரவேண்டிய கடிதங்கள் நெடுநாள் காவலாளியின் மேசையில் கட்டாகக் கிடந்தன. அவர் ஒவ்வொரு உறையையும் விளக்குக்கு நேரே பிடித்துப் பெயரைப் படிப்பார், தெரிந்தவர் என்றால் எடுத்து வைப்பார். முகவரி செத்துப்போன பிறகு பெயரை வைத்தே கடிதம் ஆளைத் தேடிப் போனது. ஒவ்வொரு முறைமையிலும் அந்தக் காவலாளி மாதிரி ஒருவர் தேவை. கணினியில் அவருக்கு இருக்கும் பெயர் பின்னால் வரும்.

ஒவ்வொருவருக்கும் மாறாத இலக்கம் ஒன்றைக் கொடுத்து அதையே முகவரியாக வைத்தால் தொல்லை தீர்ந்ததே?

எல்லாரும் கேட்கும் கேள்வி இது, நல்ல கேள்வி. கனடாவில் இருந்து வரும் ஒரு கடிதத்தை நினைத்துப் பாருங்கள். ரொறொன்ரோவில் தபால் பிரிப்பவர் உறையின் கடைசி வரியை மட்டும் பார்ப்பார்: இலங்கை. இந்தக் கடிதத்தில் அவருடைய வேலை அத்தோடு முடிந்தது. கொழும்பு மத்திய தபால் பரிமாற்றகம் 6 என்ற வலயத்தைப் பார்க்கும். வெள்ளவத்தைத் தபாலகம் ஒழுங்கையைப் பார்க்கும். வீட்டிலக்கத்தைப் பார்ப்பவர் சைக்கிளில் வரும் தபாற்காரர். தான் பார்க்க வேண்டிய ஒரு வரி போதும், மற்ற எதையும் ஒருவரும் அறிந்திருக்கத் தேவையில்லை. இடத்துக்கு இடம் கட்டமைப்புடன் எழுதிய முகவரிக்கு இருக்கும் பலம் இதுதான், அதைச் சுருக்கலாம். "கொழும்பு 6க்குப் போவதெல்லாம் இந்தச் சாக்கில்" என்று ஒரே தீர்மானம் எடுக்கலாம்.

மாறாத இலக்கத்தை மட்டும் உறையில் எழுதினால் ரொறொன்ரோக்காரர் உலகத்தில் உள்ள அத்தனை பேரின் பட்டியலையும் வைத்துத் தேட வேண்டிவரும். இணையத்திலும் இதே சிக்கல். இணையத்தில் தகவலை வழிபிரித்து அனுப்பும் பெரிய ரவுட்டர்கள் "இந்த முகவரிக் கூட்டம் இந்தப் பக்கம்" என்று வைத்திருக்கும் அட்டவணையில் இப்போது பத்து இலட்சம் அளவில் வரிகள் உண்டு. கூட்டமாகச் சுருக்கியும் அவ்வளவு. சுருக்காவிட்டால் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு வரி வேண்டும்.

ஆகவே இரண்டும் வேண்டும். ஆளோடு போகும் பெயர் ஒன்று, இடத்தோடு நிற்கும் முகவரி ஒன்று, நடுவில் "இவர் இப்போது இங்கே" என்று சொல்லும் ஒரு பதிவு. எந்த முறைமையை எடுத்தாலும் நான் முதலில் தேடுவது அந்தப் பதிவு எங்கே இருக்கிறது, அதை யார் திருத்துகிறார், எவ்வளவு சீக்கிரம் திருத்துகிறார் என்பதைத்தான்.

தேசிய அடையாள அட்டை இலக்கத்தில் ஊர் இருக்கிறதா?

இல்லை. பழைய இலக்கத்தில் ஒன்பது இலக்கங்களும் ஓர் எழுத்தும். முதல் இரண்டு பிறந்த வருடம், அடுத்த மூன்று வருடத்தில் எத்தனையாவது நாள். பெண்களுக்கு அந்த நாளுடன் 500 கூட்டப்படும். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்று வைத்தே எண்ணுவார்கள், அதனால் மார்ச் 1இல் பிறந்த ஆணுக்கு எந்த வருடமானாலும் 061, பெண்ணுக்கு 561. 2016 முதல் வருடத்தை நான்கு இலக்கமாக எழுதும் 12 இலக்க முறை வந்தது.

அட்டையில் விலாசமும் எழுதப்பட்டிருக்கும், ஆனால் இலக்கத்துக்குள் அது இல்லை. வீடு மாறினாலும் இலக்கம் அப்படியே. அந்த வகையில் இது ஒழுங்கான அடையாளம். பிறந்த திகதியையும் ஆண், பெண் என்பதையும் உள்ளே போட்டதில்தான் எனக்கு உடன்பாடில்லை. அடையாளத்துக்குள் தகவலைப் புகுத்தினால் தகவலில் வரும் பிழை அடையாளத்துக்கும் தொற்றும். பிறப்புச் சான்றிதழில் திகதி திருத்தப்பட்டவர்களைக் கேளுங்கள்.

011 என்றால் கொழும்பு. 077 என்றால் எந்த ஊர்?

எந்த ஊரும் இல்லை. வீட்டுத் தொலைபேசி இலக்கத்தில் இடம் இருக்கிறது. 011 கொழும்பு, 021 யாழ்ப்பாணம், 081 கண்டி, 065 மட்டக்களப்பு. அந்த இலக்கம் ஒரு கம்பியின் நுனியைக் குறிக்கிறது. கைத்தொலைபேசி இலக்கத்தின் முதல் மூன்றும் அதை முதலில் எந்த நிறுவனம் கொடுத்தது என்று மட்டும் சொல்லும்.

அப்படியானால் யாழ்தேவியில் போய்க்கொண்டிருக்கும் தம்பிக்கு அழைப்பு எப்படிப் போகிறது? நான் முன்னே சொன்ன நடுப் பதிவுதான். அவருடைய சிம்முக்குள் நீங்கள் காணாத இன்னோர் இலக்கம் உண்டு, 15 இலக்கம் வரை நீளும், இலங்கைச் சிம் என்றால் 413 என்று தொடங்கும். ஃபோன் ஒரு பகுதியை விட்டு அடுத்த பகுதிக்குள் போகும்போது "நான் இங்கே வந்துவிட்டேன்" என்று அதுவாகவே சொல்லிக்கொள்ளும். அதை நிறுவனத்தின் தாய்ப் பதிவேடு குறித்து வைக்கும். நீங்கள் அழைத்ததும் முதலில் பதிவேட்டிடம் கேட்பார்கள். அவர் இப்போது இருக்கும் பகுதியின் நிலையம் அந்த ஓர் அழைப்புக்காகத் தற்காலிக இலக்கம் ஒன்றைக் கொடுக்கும். அழைப்பு அந்த இலக்கத்துக்குப் போகும். பிறகு அந்த இலக்கம் வேறொருவருக்கு. தம்பியின் பெயர் நிலையானது, முகவரி ஒரு சில நொடிக்கு வாடகைக்கு எடுத்தது. மனிதர் செய்த முறைமைகளில் எனக்கு மிகவும் பிடித்தவற்றுள் இது ஒன்று. வவுனியாவைத் தாண்டும்போது அவர் ஒன்றும் செய்யத் தேவையில்லை.

ஐபி முகவரி பெயரா, முகவரியா?

சொல்லைப் பார்த்தால் முகவரி. நடப்பில் இரண்டும், வில்லங்கமே அங்கேதான். இணையம் வடிவமைக்கப்பட்ட காலத்தில் கணினி என்றால் அறையை அடைக்கும் பெட்டி, யாரும் தூக்கிக்கொண்டு நடக்கவில்லை. அதனால் "எங்கே" என்று சொன்ன இலக்கத்தையே "யார்" என்பதற்கும் வைத்துக்கொண்டார்கள். இரண்டு கணினிகளுக்கு இடையில் டிசிபி என்ற நெறிமுறையால் ஏற்படும் வழமையான இணைப்பை அடையாளம் காண்பது நான்கு இலக்கங்களால்: இரு பக்கத்து ஐபி முகவரிகள், கணினிக்குள் எந்தச் செயலிக்கு என்று சொல்லும் இரு பக்கத்து போர்ட் இலக்கங்கள். நான்கில் ஒன்று மாறினாலும் அது வேறு இணைப்பு.

வீட்டில் வைஃபையில் ஒரு கோப்பை இறக்கிக்கொண்டே படியிறங்கி ஒழுங்கைக்கு வாருங்கள். வாசலைத் தாண்டும்போது ஃபோன் கைத்தொலைபேசி வலையமைப்புக்கு மாறுகிறது, ஐபி முகவரியும் மாறுகிறது, மறுமுனைக்கு நீங்கள் முன்பின் தெரியாத ஆளாகிவிடுகிறீர்கள். இறக்கம் அறுந்து மீண்டும் தொடங்கும். 2021இல் தரமாக வெளிவந்த குயிக் என்ற நெறிமுறை ஒவ்வொரு இணைப்புக்கும் முகவரியைச் சாராத தனி இலக்கம் ஒன்றைக் கொடுத்து இதைச் சரிசெய்கிறது. முகவரி மாறினாலும் "நான்தான், பழைய ஆள்" என்று அந்த இலக்கத்தைக் காட்டித் தொடரலாம்.

கருவியின் வலையமைப்புப் பகுதிக்குத் தயாரிக்கும்போதே கொடுக்கும் மெக் முகவரி என்பதோ பேரில்தான் முகவரி. 48 பிட்டுகள், முதல் 24 தயாரித்த நிறுவனத்தைச் சொல்லும். கருவி எங்கே இருக்கிறது என்று அதில் ஒன்றும் கிடையாது. அதை வைத்துக் கடைக்குக் கடை ஆளைப் பின்தொடர முடியும் என்பதால் இப்போதைய ஃபோன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு புனை இலக்கத்தைக் கொடுக்கின்றன.

எங்கள் வீட்டிலும் 192.168.1.1, மாமா வீட்டிலும் 192.168.1.1. மோதாதா?

காலி வீதி இலக்கம் 2 கதைதான். 192.168 என்று தொடங்கும் முகவரிகள் வீட்டுக்குள் பாவிக்க ஒதுக்கப்பட்டவை, 1996இல் வந்த விதி. சுவருக்கு வெளியே அவற்றுக்குப் பொருள் இல்லை. வெளியே போகும்போது ரவுட்டர் தன் பொது முகவரியை எழுதி அனுப்பும், பதில் வந்தால் உள்ளே யாருக்கு என்று பார்த்துக் கொடுக்கும். தொடர்மாடிக் காவலாளியின் கணினிப் பெயர் இதுதான், ரவுட்டர்.

இது தேவைப்பட்டதன் காரணம், பழைய ஐபி முறையில் மொத்தம் ஏறத்தாழ 430 கோடி முகவரிகளே உண்டு. ஆசிய பசிபிக் பகுதிக்கு முகவரி வழங்கும் ஏப்நிக் நிறுவனம் 2011 ஏப்ரலில் தன் கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது. 128 பிட்டுகள் கொண்ட ஆறாம் பதிப்பு நெடுங்காலமாகவே இருக்கிறது, மாறுவது மெல்ல.

அக்கா யாழ்ப்பாணத்தில் இருக்கிறா. இணையத்தளம் அவ கொழும்பில் இருப்பதாகக் காட்டுகிறதே?

ஐபி முகவரியில் இருந்து ஊரைக் கண்டுபிடிப்பது ஊகம். முகவரித் தொகுதி நிறுவனத்தின் பெயரில் பதிவாகியிருக்கும், நிறுவனத்தின் தலைமையகம் பெரும்பாலும் கொழும்பில். அதோடு ஆயிரக்கணக்கான கைத்தொலைபேசிகள் ஒரே பொது முகவரியின் பின்னால் இருக்கலாம். ஐபி முகவரி சொல்லும் "இடம்" வலையமைப்புக்குள் உள்ள இடம், நிலத்தில் உள்ள இடத்தோடு அது ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் இல்லை. இதை வைத்து யாரையாவது "நீ அங்கே இருந்தாய்" என்று குற்றம் சொல்ல வருபவர்களை நம்பாதீர்கள்.

இணையத்தளப் பெயர் எப்படி முகவரியாகிறது?

ஆரம்பத்தில் எல்லாக் கணினிகளின் பெயரையும் முகவரியையும் எழுதிய ஒரே ஒரு கோப்பு. கலிபோர்னியாவில் ஸ்ரான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிலையத்தில் எலிசபெத் ஃபைன்லரின் குழு அதைப் பராமரித்தது. புதுக் கணினி சேர்ந்தால் அவர்களிடம் சொல்ல வேண்டும், மற்ற எல்லாரும் அந்தக் கோப்பைப் பிரதி எடுக்க வேண்டும். கணினிகள் பெருகியதும் தாங்கவில்லை. 1983இல் போல் மொக்கபெற்றிஸ் டொமைன் பெயர் முறையை வடிவமைத்தார். பெயரை வலப்புறம் இருந்து படித்து, ஒவ்வொரு துண்டுக்கும் பொறுப்பானவரிடம் கேட்டுக்கேட்டுப் போவது. கடைசித் துண்டு எல்கே என்றால் இலங்கைப் பதிவகம். அது 1990இல் இருந்து இருக்கிறது. 2010இல் இருந்து .இலங்கை என்று தமிழிலேயே முடியும் பெயரும் எடுக்கலாம். கடைக்காரர்கள் இதை இன்னும் எடுக்காமல் இருப்பது எனக்குக் கவலை. பெயர்ப்பலகையைத் தமிழில் எழுதுகிறோம், இதையும் எழுதலாம்.

கேட்ட பதிலை ஒவ்வொரு இடத்திலும் கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருப்பார்கள். எவ்வளவு நேரம் என்று பெயரின் சொந்தக்காரர் சொல்லிவிடுவார். தளத்தை வேறு கணினிக்கு மாற்றப்போகிறீர்கள் என்றால் இரண்டு நாளுக்கு முன்பே அந்த நேரத்தைக் குறைத்துவிடுங்கள். மறந்தால் பாதிப்பேர் பழைய கணினியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஒரே வீதிக்கு ஏன் இத்தனை பெயர்?

தமிழில் செட்டியார் தெரு, சிங்களத்தில் ஹெட்டி வீதிய, ஆங்கிலத்தில் சீ ஸ்ட்ரீட். நகைக்கடைகள் இருக்கும் அந்த ஒரே தெருதான். ஒரே இடத்துக்குப் பல பெயர் இருப்பதில் கெடுதல் இல்லை, எல்லாம் அதே இடத்தில் கொண்டுவந்து விட்டால் சரி. டொமைன் முறையிலும் மாற்றுப்பெயர் என்று ஒரு பதிவு வகை உண்டு.

பெயரை மாற்றுவதுதான் கடினம். ஆர். ஏ. டி மெல் மாவத்தையை ஓட்டோக்காரர் இன்றும் டூப்ளிகேஷன் ரோட் என்றுதான் சொல்வார். புல்லர்ஸ் ரோட் பௌத்தாலோக மாவத்தையாகி எவ்வளவு காலம்! பழைய பெயரைச் சொல்லும் அம்மா இன்னும் இருக்கிறா. பதிவேட்டைத் திருத்துவது ஒரு நாள் வேலை, ஊரின் நினைவில் இருந்து பழையது கழிய ஒரு தலைமுறை வேண்டும்.

சேமித்து வைத்த இணைய இணைப்புகள் ஏன் செத்துப்போகின்றன?

ஏனென்றால் அவை இருப்பிடங்கள். இந்தக் கணினியில் இந்த அலுமாரியில் மூன்றாம் தட்டு என்று சொல்வது போல. தட்டை மாற்றினால் பக்கம் உலகத்தில் இருந்தும் கையில் கிடைக்காது. இணையத்தின் மேல் ஓடும் வெப் என்ற உலகளாவிய வலையை உருவாக்கிய ரிம் பேர்னர்ஸ் லீ 1998இலேயே, நல்ல இணைப்பு மாறாது, மாற்றுபவர்கள் மனிதர்கள்தான் என்ற பொருளில் எழுதி வைத்தார்.

நூலகர்கள் இதை நமக்கு முன்பே கடந்தவர்கள். 19ஆம் நூற்றாண்டில் பல நூலகங்களில் புத்தகத்தின் இலக்கம் அது நிற்கும் தட்டின் இலக்கமே. புது அலுமாரி வந்தால் எல்லாவற்றையும் திருத்தி எழுத வேண்டும். 1876இல் மெல்வில் டூயி வெளியிட்ட முறை இலக்கத்தைத் தட்டோடு கட்டாமல் பொருளோடு கட்டியது. புத்தகங்கள் ஒன்றுக்கொன்று அடுத்ததாக நின்றால் போதும், எந்தத் தட்டு என்பது பொருட்டில்லை. புத்தகங்களுக்குக் கொடுக்கும் ஐஎஸ்பிஎன் இலக்கம் இன்னும் சுத்தமான அடையாளம். 978க்குப் பின் 955 அல்லது 624 வந்தால் இலங்கையில் பதிப்பித்தது, அது எந்தக் கடையில் இருக்கிறது என்று அது சொல்லாது.

2005இல் தொடங்கிய "நூலகம்" என்ற எண்ணிம நூலகத்தை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு நூலக எண். ஒரு பழைய சஞ்சிகையின் இதழை நான் குறித்து வைப்பது அந்த எண்ணால்தான். ஈழத்துத் தமிழர் எவ்வளவு புத்தகங்களை இருந்த இடத்தோடு சேர்த்து இழந்தவர்கள் என்பதை நினைத்தால், இடத்தைச் சாராத எண் ஒன்று இருப்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

உள்ளடக்கத்தில் இருந்தே பெயர் செய்யலாம் என்கிறார்களே?

ஆம். கோப்பை ஷா-256 போன்ற கணிப்புக்குள் விட்டால் 256 பிட்டுகளில் ஒரு கைரேகை கிடைக்கும். ஒரு காற்புள்ளி மாறினாலும் ரேகை வேறு. யாரிடம் இருந்து எடுத்தாலும் சரியானதுதானா என்று நீங்களே சரிபார்க்கலாம். திருத்தங்கள் வரும் கோப்புக்கு மட்டும் இது ஒத்துவராது. திருத்தும்போதெல்லாம் பெயர் மாறும், "புதியது எது" என்று சொல்ல மறுபடியும் ஒரு பதிவு தேவை.

எல்லாவற்றுக்கும் வரைபடத்தில் ஒரு புள்ளி அனுப்பினால் போதாதா?

ஓட்டோ பிடிக்கப் போதும். கூகுளின் பிளஸ் கோட் ஏறத்தாழ 14 மீற்றர் சதுரத்தை ஒரு சிறு குறியீட்டால் சொல்லிவிடும், வீதிப் பெயர் இல்லாத இடங்களுக்கு அது வரப்பிரசாதம். ஆனால் எங்கள் தொடர்மாடியில் அந்தச் சதுரத்துக்கு மேல் ஏழு மாடி. புள்ளி சரியாக வந்து நிற்கும், கூரியர் தம்பி கீழே நின்று "அண்ணே, எத்தினையாம் மாடி?" என்று கேட்பார்.

படிவங்களில் "நிரந்தர முகவரி" என்று கேட்கிறார்களே. அதில் எதை எழுதுவது?

இந்தக் கேள்விக்கு வகுப்பில் நான் கொஞ்சம் நின்றுதான் பதில் சொல்வேன். என் பெரியம்மா மயிலிட்டி. 1990இல் வலிகாமம் வடக்கில் இருந்து எல்லாரும் வெளியேறியபோது அவவும் வெளியேறினா. பிறகு மானிப்பாய், வவுனியா, கடைசியில் வெள்ளவத்தையில் எங்களோடு. மயிலிட்டித் துறைமுகப் பகுதி விடுவிக்கப்பட்டது 2017 யூலையில். இடைப்பட்ட 27 வருடமும் எந்தப் படிவத்திலும் நிரந்தர முகவரி என்ற கட்டத்தில் அவ எழுதியது மயிலிட்டிதான். ஓர் அலுவலகத்தில் கருமபீடத்தில் இருந்தவர் "அங்கே ஆட்கள் இல்லையே அம்மா, இருக்கும் இடத்தை எழுதுங்கள்" என்றார். அவ பேனாவை வாங்கி மறுபடியும் மயிலிட்டி என்றே எழுதினா.

அந்த முகவரிக்குக் கடிதம் போட்டால் போய்ச் சேராது. ஆனால் அது பொய்யும் இல்லை. இருப்பிடத்தைச் சொல்லும் வேலையை அது இழந்திருந்தது, யார் என்று சொல்லும் வேலையைச் செய்துகொண்டிருந்தது. இன்ன காணிக்கு உரியவள், இன்ன ஊரவள் என்று. படிவம் செய்பவர்களிடம் நான் கேட்பது, இரண்டு கட்டம் வையுங்கள், இரண்டாவது "கடிதம் எங்கே அனுப்ப" என்று தெளிவாகக் கேட்கட்டும். முதலாவதை ஆளே தீர்மானிக்கட்டும்.

அவவுடைய அலுமாரியில் கனடாவில் இருந்து வந்த ஒரு நீல வான்கடித உறை இருக்கிறது. முதலில் மானிப்பாய் முகவரி, அதன்மேல் ஒரு கோடு. பக்கத்தில் வேறு கையெழுத்தில் வவுனியா, அதன்மேலும் கோடு. கீழே, இடம் போதாமல் சரிந்து, "மே/பா" என்று போட்டு என் அப்பாவின் பெயரும் எங்கள் ஒழுங்கையும். மூன்று மை, மூன்று கை. வெட்டப்படாமல் இருக்கும் ஒரே வரி மேலே உள்ள அவவுடைய பெயர்.

1996இல் நகரும் கணினிகளுக்காக வந்த மொபைல் ஐபி என்ற நெறிமுறை செய்வது இதையேதான். கணினிக்கு மாறாத வீட்டு முகவரி ஒன்று இருக்கும். வெளியே போனால் அங்கே கிடைப்பது மேற்பார்வை முகவரி, அதாவது மே/பா. அந்தப் பெயரையே வைத்தார்கள். வீட்டில் இருக்கும் முகவர் வருவதை எல்லாம் இன்னோர் உறைக்குள் போட்டு மே/பா முகவரிக்குத் திருப்பிவிடுவார். பாடத்தில் இந்த இடம் வரும்போது நான் அந்த உறையைக் கொண்டுபோய்க் காட்டுவேன். அதற்குப் பிறகு படம் போட்டு விளக்கத் தேவைப்படுவதில்லை.

வீடு மாறப்போகிறோம். எதை முதலில் செய்வது?

தபாலகத்தில் கடிதங்களைப் புது முகவரிக்குத் திருப்பிவிடக் கேட்டு எழுதிக் கொடுங்கள். வங்கி, பாடசாலை, கிராம அலுவலர் ஆகியோருக்குப் புது விலாசத்தைக் கொடுங்கள், வலய இலக்கத்தோடு. மின்சாரப் பட்டியலின் கணக்கிலக்கம் வீட்டோடு நிற்பது, உங்களோடு வராது. மீற்றரின் கடைசி வாசிப்பைப் படம் எடுத்து வையுங்கள். சிம் அதேதான், ஒன்றும் செய்ய வேண்டாம். அப்புறம், பழைய வீட்டுக்குக் குடிவருபவர்களிடம் உங்கள் பெயரையும் கைத்தொலைபேசி இலக்கத்தையும் ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள். கதவுக்குப் பின்னால் ஒட்டி வைக்கச் சொன்னால் இன்னும் நல்லது.